அப்பாவோட 3500 புத்தகம்: டூயி நம்பர் வேணாம், ரேக்குக்கு விலாசம் போடுங்க

நீங்க கேட்டது டூயி டெசிமல் (லைப்ரரில புத்தகத்துக்குப் பொருள்வாரியா போடற நம்பர்) போடலாமா, அகரவரிசையா, எந்த ஆப் நல்லது, கண்ணாடிக் கதவு வைக்கலாமான்னு. ஆனா கேள்விய முழுசா படிச்சா விஷயம் வேற இடத்துல இருக்குங்க. அப்பாவுக்கு 78 வயசு, ரிட்டயர்டு தமிழாசிரியர், ஏற்காட்டு வீட்ல சுமார் 3500 புத்தகம், அத்தனையையும் சேலம் அழகாபுரத்துல இருக்கற வீட்டு மாடி ரூமுக்கு எறக்கணும், எது எங்க இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும், இடம் மாத்தினா அவருக்கும் தெரியாமப் போயிடுமோன்னு பயப்படறீங்க. அப்ப உங்க கேள்வி எந்த முறைல அடுக்கறதுன்னு இல்ல, அப்பா தலைக்குள்ள இருக்கற கேட்லாக்க எப்படி வெளிய எடுக்கறதுங்கறதுதான். நான் சேலத்துல ஒரு காலேஜ் லைப்ரரில முப்பது வருஷத்துக்குக் கிட்ட இருந்தவன், ரிட்டயர் ஆனப்புறம் தெரிஞ்சவங்க வீட்டு அலமாரிங்களையும் அடுக்கிக் குடுத்துட்டு இருக்கேன். புத்தகம், ரேக், பூச்சி பத்தி தைரியமா சொல்வேன், கட்டடத்தோட பலம் பத்தி ஓரளவுக்குத்தான், அதுக்கு இன்ஜினியர்தான் சரி.

அதனால முதல் வேலை, ஒரு புத்தகத்தக்கூட தொடறதுக்கு முன்னாடி ஏற்காட்டு அலமாரிங்கள தட்டு தட்டா போட்டோ எடுங்க, முதுகுல இருக்கற பேர் படிக்கற மாதிரி நேரா நின்னு, வரிசை எதையும் கலைக்காம. அப்புறம் அப்பாவ ஒரு சேர் போட்டு உக்கார வெச்சு "இந்தத் தட்டுல என்னப்பா வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டு, அவர் சொல்ற வார்த்தையவே எழுதிக்கோங்க. "இது இலக்கணம், இது எங்க வாத்தியார் குடுத்தது, இது மலை மேல வந்தப்புறம் வாங்கினது, இது திரும்பப் படிக்கணும்னு வெச்சது"ன்னு சொல்வாரு. வெளியாளுக்கு அது குப்பையா கெடக்கற மாதிரி தெரியும், ஆனா நாப்பது அம்பது வருஷமா படிக்கறவரோட அலமாரில அநேகமா ஒரு ஒழுங்கு இருக்கும், அத நாம நம்ம வசதிக்கு ஒடச்சுட்டோம்னா அவர் கையாலயே ஒரு புத்தகம் எடுக்க முடியாம நம்மள கூப்பிட வேண்டி வரும், அந்த வயசுல அது ரொம்ப சங்கடம்.

டூயி விஷயத்துக்கு வர்றேன். 1876ல மெல்வில் டூயி போட்ட முறை, 000 முதல் 999 வரைக்கும், உலகம் பூரா ஓடுது, குறை சொல்றதுக்கில்ல. ஆனா அதுல தமிழ் இலக்கியம் மொத்தத்துக்கும் நம்பர் 894.811. சங்கப் பாட்டு, நேத்து வந்த நாவல், ரெண்டும் அதுக்குள்ளதான், பின்னாடி இன்னும் நம்பர் சேர்த்து சேர்த்துதான் பிரிக்கணும். மதத்துக்கு 200ல இருந்து 299 வரை இடம் இருந்தும் பெரும்பகுதி கிறித்துவத்துக்கே போயிடும், தேவாரம், பிரபந்தம், சைவ சித்தாந்தம் எல்லாம் 294.5ங்கற ஒரு சந்துக்குள்ள நெருக்கியடிச்சு நிக்கும். தமிழாசிரியர் வீட்ல மூணுல ரெண்டு பங்கு புத்தகத்துக்கு ஒரே நம்பர் ஒட்டிட்டு, மிச்சத்துக்கு மட்டும் அழகா தொள்ளாயிரம் கட்டம் வெச்சிருந்து என்ன பிரயோஜனம்? நம்ம சீர்காழிக்காரர், நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1933ல கொண்டாந்த கோலன் முறை இதவிட நமக்குத் தோதானது, அதுல இலக்கியத்துக்கு இங்கிலீஷ் எழுத்து O, தமிழுக்கு 31, அப்புறம் கவிதையா நாடகமா நாவலான்னு வடிவம், அதுக்கப்புறம் எழுதினவர் பிறந்த வருஷம். அந்த நம்பர வீட்டுப் புத்தகத்துல எழுதச் சொல்லல, படிச்சவங்களுக்கே தலை சுத்தும். ஆனா முதல்ல வடிவம், அப்புறம் காலம்ங்கற அந்த யோசனை தமிழ் அலமாரிக்கு அப்படியே பொருந்தும்.

நான் சொல்ற ஏற்பாடு இதுதான். மொத்தத்தையும் பன்னெண்டு பதினஞ்சு பிரிவுக்கு மேல போகாம பிரிங்க, பேர் அப்பா வெக்கட்டும். பழைய இலக்கியத்த எழுதினவர் பேரால அடுக்காதீங்க, காலத்தால அடுக்குங்க, சங்கம், கீழ்க்கணக்கு, காப்பியம், பக்தி, சிற்றிலக்கியம்னு, உரை எந்த நூலுக்கோ அந்த நூலுக்குப் பக்கத்துலயே. இலக்கணமும் அகராதியும் தனி, அது அவர் உக்கார்ற நாற்காலில இருந்து கை நீட்டினா எட்டணும். நாவல், சிறுகதை, இக்காலக் கவிதைக்கு மட்டும் ஆசிரியர் பேர்ல அகரவரிசை. இங்கதான் நம்ம ஊர் தொல்லை ஒண்ணு வருது, இனிஷியல். உ.வே.சாமிநாதையர உ-ல தேடறதா சா-லயான்னா, லைப்ரரி வழக்கப்படி சா-லதான். ஆனா வீட்ல யாரும் அப்படித் தேட மாட்டாங்க, உ.வே.சா.ன்னுதான் வாயில வரும், மு.வ.வும் அப்படித்தான். புனைபேர்னா இன்னும் மோசம், புதுமைப்பித்தன விருத்தாசலம்னு வெச்சா யாருக்குத் தெரியும்? அதனால வீட்டுக்கு என் விதி என்னன்னா, அட்டைல பெருசா எந்தப் பேர் இருக்கோ, வாயில எந்தப் பேர் வருதோ அதுதான் பேர். ஒருதடவ முடிவு பண்ணிட்டா மாத்தக்கூடாது, அவ்வளவுதான்.

எத்தன நல்லா பிரிச்சாலும் ஒரு புத்தகம் ரெண்டு பிரிவுக்கும் சேரும். திருக்குறள் பத்தின ஒரு சொற்பொழிவுத் தொகுப்ப குறளோட வெப்பீங்களா, கட்டுரையோட வெப்பீங்களா? இதுல மண்டைய ஒடச்சுக்கறதாலதான் பாதிப் பேர் நடுவுல விட்டுடறாங்க. எங்க வேணா வைங்க, ஆனா அந்த இடத்துக்கு ஒரு விலாசம் இருக்கணும். ரேக்குக்கு எழுத்து, தட்டுக்கு மேல இருந்து எண். க-3ன்னா க ரேக்ல மூணாவது தட்டு. ஒரு தட்டுல நாப்பது புத்தகத்துக்குள்ளதான் நிக்கும், விலாசம் தெரிஞ்சா கண்ணால ஓட்டிப் பாக்க அரை நிமிஷம் போதும், தட்டுக்குள்ள எத்தனாவது புத்தகம்ங்கற வரைக்கும் போகவே வேணாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் 1, 2, 3ன்னு ஒரு வரிசை எண் குடுத்து முதல் பக்கத்து உள் மூலைல பென்சில்ல எழுதுங்க. பேனா வேணாம், ஸ்டிக்கர் வேணவே வேணாம், பழைய அட்டைல ஒட்டின ஸ்டிக்கர் பிசின் கசிஞ்சு அடுத்த புத்தகத்தையும் புடிச்சுக்கும்.

ஆப் பத்தி. லைப்ரரிதிங், குட்ரீட்ஸ் மாதிரி இருக்கறதெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்துக்கு நல்லா வேலை செய்யும், பார்கோட காட்டினா விவரம் வந்துடும். அப்பா கலெக்‌ஷன்ல பெரும்பாலும் பழைய தமிழ்ப் புத்தகம், அதுல ஐ.எஸ்.பி.என்னுங்கற சர்வதேசப் புத்தக நம்பரே இருக்காது, இருந்தாலும் அந்த டேட்டாபேஸ்ல பல தமிழ்ப் புத்தகம் ஏறியிருக்காது, கடைசில கையாலதான் டைப் பண்ணணும். அதுக்கு கூகுள் ஷீட்டே போதும். வரிசை எண், பேர், ஆசிரியர், பதிப்பகம், வருஷம், பிரிவு, விலாசம், இரவல், இந்த எட்டு கட்டம் போட்டா தாராளம். எழுத்துக்கூட்டு மட்டும் ஒரே மாதிரி வெச்சுக்கோங்க, ஒரு வரில ஜானகிராமன்னும் இன்னொரு வரில சானகிராமன்னும் அடிச்சா தேடும்போது ஒண்ணுதான் வரும். கம்ப்யூட்டர் அகரவரிசையையும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க, யூனிகோடு எண் வரிசைல ன-வ ந-வுக்கு அடுத்தும், ஜ-வ ச-வுக்கு அடுத்தும் வெச்சிருக்காங்க, நம்ம நெடுங்கணக்குல ன கடைசி, ஜ ஸ எல்லாம் அதுக்கும் பின்னாடி. சில சாஃப்ட்வேர் எண் வரிசையவே எடுத்துக்கும். விலாசம் இருக்கறதால இது பெரிய பிரச்சினை ஆகாது. இரவல் கட்டத்த மட்டும் விட்டுடாதீங்க, யாரு, எந்தத் தேதின்னு, மொகத்துக்காக எழுதாம விட்டா புத்தகம் போனதுதான்.

இப்ப ரேக். நம்ம ஆசாரிங்ககிட்ட "புக் ஷெல்ஃப்"னு சொன்னா துணி அலமாரி கணக்குல 15, 16 இஞ்ச் ஆழம் வெச்சுடுவாங்க, அதுதான் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம். தமிழ்ப் புத்தகத்துல பெரும்பாலும் டெம்மி அல்லது கிரௌன் சைஸ், டெம்மியே 5.5க்கு 8.5 இஞ்ச்தான், அதுக்கு 8ல இருந்து 9 இஞ்ச் ஆழம் போதும். ஆழம் ஜாஸ்தியா இருந்தா பின்னாடி ஒரு வரிசை வெக்கத் தோணும், பின் வரிசைல போன புத்தகம் இல்லாத புத்தகம்தான். தட்டு உயரம் உள்ளளவு 10 இஞ்ச், அடித்தட்டு மட்டும் 13 வெச்சு பெரிய அகராதி, கலைக்களஞ்சியம் எல்லாம் அங்க. தட்டு நீளம் ரெண்டரை அடிக்கு மேல போகவே கூடாது. பலகை தொய்யறது நீளத்தோட நாலாம் அடுக்குல ஏறும், ரெண்டடிப் பலகைய அதே கனத்துல நாலடி ஆக்கி நிரப்பினா தொய்வு ரெண்டு மடங்கு இல்லீங்க, 16 மடங்கு. 18 மி.மீ ப்ளைவுட்ட 25 மி.மீ ஆக்கினா தொய்வு மூணுல ஒரு பங்கு சொச்சத்துக்குக் கொறஞ்சுடும், ஆனா காசு கூட. நீளத்த கொறைக்கறதுதான் சீப். பார்ட்டிகிள் போர்டு வேணாம், தண்ணி பட்டா ஊதிடும். என் ஓட்டு இரும்பு ஆங்கிள் ரேக்குக்குத்தான், பவுடர் கோட்டிங் போட்டது, சேலத்துல லோக்கலாவே அளவு சொல்லி செஞ்சுக்கலாம், கரையானுக்கும் வேலை இல்ல. பாக்க மளிகைக்கடை மாதிரி இருக்குன்னு வீட்ல சொல்வாங்க, சொல்லட்டும். போல்ட்டு முனை அட்டையக் கீறாம ஓரத்துல கெட்டி அட்டை வெச்சுடுங்க, ரேக்கோட மேல் முனைய செவுத்துல க்ளாம்ப் போட்டு பிடிங்க, இது கண்டிப்பா.

எத்தன ரேக்குன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு புத்தகம் சராசரி 2 செ.மீ கனம்னா 3500 புத்தகம் 70 மீட்டர், அதாவது 230 அடி. இனிமே வர்றதுக்கு கால் பங்கு காலி விட்டா 290 அடி கிட்ட. ரெண்டரை அடி அகலம், ஏழு தட்டு வெச்ச ரேக்ல பதினேழரை அடி நிக்கும், ஆக 17 ரேக், செவுத்து நீளம் 42 அடிக்கு மேல. ரூம் 12க்கு 14 அடின்னு வெச்சுக்கிட்டா, கதவு ஜன்னல் போக அவ்வளவு கெடைக்கறதே கஷ்டம், அப்ப கொஞ்சம் கழிக்கணும், இல்லேன்னா ஹால்லயோ வராண்டாவுலயோ ரெண்டு மூணு ரேக் போடணும். எடை, ஒரு புத்தகம் 350 கிராம்னு வெச்சாலே 1200 கிலோவத் தாண்டும், ரேக் எடை தனி. ஐ.எஸ். 875ங்கற இந்தியக் கட்டடத் தர விதிப்படி வீட்டு அறைக்குத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கற மாதிரி டிசைன் பண்ணுவாங்க, லைப்ரரி புத்தக அடுக்கு அறைக்கு 600 கிலோ. செவுத்தோரமா பரவலா வெச்சா ரூம் மொத்தத்துக்கும் சேத்துப் பாக்கும்போது உங்க எடை அடங்கிடும், நடு ரூம்ல லைப்ரரி மாதிரி எதிரெதிரா ரெண்டு வரிசை போட்டா அடங்காது. கான்கிரீட் தளம்னு வெச்சுத்தான் இத சொல்றேன், பழைய மெட்ராஸ் டெரஸ்ஸா (மர உத்தரத்து மேல செங்கல் அடுக்கிப் போட்ட தளம்) இருந்தா யாராவது சிவில் இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டாம ஒரு ரேக்கும் ஏத்தாதீங்க. தட்டு ஒதுக்கும்போது அப்பாவுக்கு ரெண்டரை அடில இருந்து அஞ்சடி உயரம் வரைக்கும்தான் வசதி, அதுல அவர் தினம் தொடறது மட்டும், ஸ்டூல் போட்டு ஏற வேண்டிய தட்டுல அவருக்கு வேண்டிய எதுவும் இருக்கக்கூடாது.

எறக்கற வேலைய தை பொறந்து ஆரம்பிங்க, பங்குனிக்குள்ள முடிச்சுடுங்க. ஏற்காடு 1500 மீட்டர் உயரத்துல இருக்கு, ஐப்பசி கார்த்திகைல அங்க துணியே காயாது, அந்த ஈரத்தோட புத்தகத்த பெட்டிக்குள்ள பூட்டினா பூசணத்துக்கு நாமளே வீடு கட்டிக் குடுத்த மாதிரி. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்தத் தாண்டி நீடிச்சா பூசணம் புடிக்க ஆரம்பிக்கும், ஈரப்பதம் காட்டற சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒண்ணு சில நூறு ரூபாய்க்குக் கெடைக்குது, வாங்கி வைங்க. பெட்டி சின்னதா இருக்கணும், அஞ்சு ரீம் ஏ4 பேப்பர் வர்ற பெட்டி சரியான அளவு, 12 கிலோவுக்கு மேல ஏத்தினா தூக்கறவர் போட்டுடுவாரு. இருவது கொண்டை ஊசி வளைவு எறங்கணும், உள்ள இடைவெளி இருந்தா ஒவ்வொரு வளைவுலயும் புத்தகம் ஒண்ணு மேல ஒண்ணு உரசும், சந்துல கசக்கின நியூஸ்பேப்பர அடைச்சுடுங்க. முதுகு கீழ இருக்கற மாதிரி வைங்க, பெட்டி மேல பழைய அலமாரித் தட்டு எண்ண மார்க்கர்ல எழுதுங்க.

வந்தவுடனே ரேக்ல ஏத்தாதீங்க. வேற ஒரு ரூம்ல, வெயில் படாம, காத்தாட ஒரு மாசம் வெச்சுப் பாருங்க. நேர் வெயில்ல காயப் போடற பழக்கம் நம்மகிட்ட ரொம்ப உண்டு, வேணாம், பழைய மலிவு பேப்பர் இன்னும் மஞ்சளாகி நொறுங்கும், அட்டை வளையும். மேலாப்புல சொரண்டின மாதிரி இருந்தா வெள்ளிப்பூச்சி, குண்டூசித் துளை துளையா, தட்டினா தூள் கொட்டினா வண்டுப் புழு. துளை இருக்கற புத்தகத்த பிளாஸ்டிக் கவர்ல போட்டு காத்து போகாம ஒட்டி ஃப்ரீசர்ல, மைனஸ் 18ல, ரெண்டு வாரம் வெச்சு, எடுத்து ஒரு நாள் கவரப் பிரிக்காம வெளிய விட்டு அப்புறம் தொறங்க, மருந்தில்லாம பூச்சி செத்துடும், மியூசியத்துலயும் இந்தக் குளிர் வைத்தியம்தான் பண்றாங்க. இது நிச்சயமான வழி. வசம்பும் வேப்பிலையும் நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன். ஓலைச்சுவடிக்கு வசம்பு வெச்ச மரபு உண்டு, வாசனை இருக்கற வரைக்கும் ஓரளவு பூச்சி அண்டாம இருக்கலாம், உள்ள ஏற்கெனவே இருக்கற புழுவ அது கொல்லும்னு நம்பி உக்காந்துடாதீங்க, காஞ்ச வேப்பிலைய மாத்தாம விட்டா அதுவே பூச்சிக்குத் தீனி. நாப்தலீன் உருண்டை மட்டும் அந்த ரூம்ல வேணாம், வயசானவர் மணிக்கணக்கா உக்கார்ற இடம், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, சின்னக் குழந்தைங்க இருந்தா இன்னும் ஆகாது.

அந்த வயசு தமிழாசிரியர் வீடுன்னா வாரப் பத்திரிகைத் தொடர்கதைய கிழிச்சு பைண்ட் பண்ணினது நிச்சயம் இருக்கும். இதப் போய் பழைய பேப்பர்னு எடைக்குப் போட்டவங்கள எனக்குத் தெரியும். அச்சுப் புத்தகத்துல வராத ஓவியமும் விளம்பரமும் அதுல இருக்கும், பதிப்பகம் வருஷம் எழுதற கட்டத்துல பத்திரிகை பேரும் வெளிவந்த மாசமும் எழுதி ஆசிரியர் பேர்லயே நாவலோட வைங்க. பைண்ட் பண்ணாத இதழ்ல ஸ்டேபிள் பின் ஏற்காட்டு ஈரத்துல துருப்புடிச்சிருக்கும், மெதுவா நிமித்தி எடுத்துட்டு வெள்ளை நூலால ரெண்டு தையல் போடுங்க. செல்லோடேப் எதுலயும் ஒட்டாதீங்க, ரப்பர் பேண்டும் போடாதீங்க. சேலம் வீடாச்சே, இந்த ஊர் சினிமா கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டுப் புத்தகம் ஏதாவது மாட்டினா, அதெல்லாம் நாலு தாள் கனம், ரேக்ல நிக்காது, அட்டைப் பெட்டில படுக்க வெச்சு பெட்டிக்கு ஒரு விலாசம் குடுங்க.

கழிக்கற விஷயத்துல அவசரம் வேணாம். பழைய கைடு, காலாவதியான இயர்புக், ரெண்டாவது பிரதி, இது மூணையும் அப்பாகிட்ட காட்டிட்டு எடுத்துடலாம். 1950க்கு முன்னாடி வந்தது, சிற்றிதழ், சின்ன ஊர்ல அச்சடிச்சது, இத யாருக்கும் குடுக்கறதுக்கு முன்னாடி தமிழ் இணையக் கல்விக் கழகத்தோட தமிழ் மின் நூலகத்துல ஏற்கெனவே ஸ்கேன் ஆகியிருக்கான்னு தேடிப் பாருங்க. இல்லாதது இருந்தா சென்னைல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு லிஸ்ட் அனுப்பிக் கேளுங்க, அந்த நூலகமே கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் சேத்து வெச்சதுல இருந்து 1994ல உருவானதுதான், வீட்டுக் கலெக்‌ஷனோட அருமை அவங்களுக்குத் தெரியும்.

கண்ணாடிக் கதவு கேட்டிருந்தீங்க. ஏற்காட்டுலயே வெக்கறதா இருந்தா கூடாதுன்னே சொல்லுவேன், ஈரம் உள்ளயே சுத்தும், பின்பக்கம் செவுத்துல இருந்து ரெண்டு இஞ்ச் தள்ளித் தொறந்த ரேக்தான் அங்க சரி. சேலத்துல தூசிதான் எதிரி, கதவு வெச்சா நல்லதுதான், மேலயும் கீழயும் காத்து போக ஓட்டை விடச் சொல்லுங்க. ஆனா 17 ரேக்குக்கும் கண்ணாடி போட்டா ரேக் விலைய விட அது ஏறிடும், பழசும் பைண்டிங்கும் வெக்கற ரெண்டுக்கு மட்டும் போட்டுட்டு மிச்சத்த வாரம் ஒருதடவ காஞ்ச துணில தட்டினாப் போதும். மாடி ரூம் நீள அகலம், ஜன்னல் எந்தப் பக்கம், தளம் கான்கிரீட்டா டெரஸ்ஸா, இத மட்டும் இங்கயே எழுதுங்க, எந்த செவுத்துல எத்தன ரேக்குன்னு வரைஞ்சு போடறேன்.